உதட்டில் கொப்புளமா? குழந்தையை முத்தமிடாதீர்கள்!

காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும். உதட்டின் ஓரத்தில் சுருக்கென்று குத்தும். மறுநாள் கண்ணாடியில் பார்த்தால், சின்னச் சின்னக் கொப்புளங்கள்! வாயைத் திறந்தால் வலி. குழம்பு பட்டால் எரிச்சல். வெளியே போக வெட்கம்.

"உடம்புச் சூடு" என்பார் ஒருவர். "பல்லி எச்சம் பட்டிருக்கும்" என்பார் மற்றொருவர். "ராத்திரி பூச்சி கடித்திருக்கும்" என்பார் பாட்டி.

மூன்றும் இல்லை. இது ஒரு கிருமியின் வேலை.

தூங்கும் கிருமி

அந்தக் கிருமியின் பெயர் ஹெர்ப்பிஸ். பெரும்பாலும் சிறு வயதிலேயே உடம்பில் புகுந்துவிடும். புகுந்தால் வெளியே போகாது. முகத்துக்குச் செல்லும் நரம்பில் ஒளிந்து தூங்கும். காய்ச்சல், கடும் வெயில், மனக்கவலை இவற்றில் ஏதாவது வந்தால் விழித்துக்கொள்ளும்.

2020-ம் ஆண்டு நிலவரம் பற்றி உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 100-க்கு 64 பேர் உடம்பில் இந்தக் கிருமி இருந்ததாம்! ஆகவே, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொப்புளத்தைப் பார்த்து ஒருவருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது அறியாமை.

வீட்டில் என்ன செய்யலாம்?

சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, கொப்புளத்தின் மேல் சிறிது நேரம் ஒற்றி வையுங்கள். ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி வையுங்கள். புண் காய்ந்து வெடிக்காமல் இருக்க வாஸ்லின் தடவலாம். வலி அதிகமானால் பாரசிட்டமால் போதும். காரம், புளிப்பு, உப்பு குறையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

குத்தல் தொடங்கியதுமே டாக்டரைக் கேட்டு "அசைக்ளோவிர்" களிம்பு போட்டால் சீக்கிரம் ஆறும். கொப்புளம் உடைந்த பிறகு போட்டால் பயன் குறைவு.

கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். சுண்ணாம்பு, பற்பசை தடவாதீர்கள். படைக்கு வாங்கிய பழைய களிம்பையும் போடாதீர்கள். தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால், பார்வைக்கே ஆபத்து வரலாம்.

பெரும்பாலும் பத்து நாளில் ஆறிவிடும். ஆறாவிட்டாலும், கண் சிவந்து வலித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பச்சைக் குழந்தை ஜாக்கிரதை!

பெரியவர்களுக்கு இது பத்து நாள் தொல்லை. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கோ உயிர் ஆபத்து! கிருமி மூளைக்கும் ஈரலுக்கும் பரவிவிடலாம்.

பெயர் சூட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். உதட்டில் கொப்புளத்தோடு அத்தை வருகிறார். "என் ராஜா!" என்று குழந்தையை வாரி எடுக்கிறார். பெற்றவளுக்குப் பதறுகிறது. ஆனால், நாத்தனாரிடம் "முத்தமிடாதீர்கள்" என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால், "மருமகளுக்குத் திமிர்" என்று பேச்சு வரும்.

அவள் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. கொப்புளம் உள்ளவர் தாமாகவே ஒதுங்கி நிற்க வேண்டும். புண் நன்றாக ஆறும் வரை முத்தம் வேண்டாம். தம்ளர், துண்டு தனியாக இருக்கட்டும். மாமியாரும் மருமகளுக்குத் துணையாக நின்று, "நான்தான் சொன்னேன்" என்று சொல்லட்டும். அப்போது யாருக்கும் மனவருத்தம் வராது.

தாய்க்கே கொப்புளம் வந்தால்? மார்பில் புண் இல்லாவிட்டால் பால் கொடுக்கலாம். கையைக் கழுவி, வாயைத் துணியால் மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும். முத்தம் மட்டும் கூடாது.

முத்தம் எங்கும் ஓடிப்போகாது. பத்து நாள் கழித்துக் கொடுத்தாலும் இனிக்கும். குழந்தையின் உயிர் அப்படி அல்ல!