மூழ்கிய வண்டிகள் எங்கே போயின?



2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர். நம் படப்பைப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரையும் சுமந்துகொண்டு ஓடிய அடையாறு, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் கார்களை வெள்ளம் இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நம் இளைஞர்கள் சோற்றுப் பொட்டலம் சுமந்ததைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அன்று மூழ்கிய வண்டிகள் எல்லாம் எங்கே போயின?

எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, மறுபடியும் சாலைக்கு வந்தவையும் உண்டு. அவற்றில் ஒன்று நாளை உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கலாம்.

நடப்பது இதுதான். இன்சூரன்ஸ் உள்ள வண்டியைச் சர்வேயர் வந்து பார்க்கிறார். பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் ரிப்பேர் செலவு ஆகும் என்றால், அது 'டோட்டல் லாஸ்'. உரியவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. சேற்றோடு நிற்கும் வண்டி ஏலத்துக்குப் போகிறது. இதுவரை குற்றம் ஏதுமில்லை. ஏலம் எடுத்தவர் அதைப் பிரித்துக் கதவு, கண்ணாடி, டயர் என்று புதுப்பேட்டை போன்ற சந்தையில் விற்றால் அது நல்ல தொழில். பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். வேறு சிலர் இருக்கிறார்கள். வண்டியைக் காயவைத்து, சீட் உறையும் தரை விரிப்பும் மாற்றி, வாசனை தெளித்து, வெள்ளம் பார்க்காத வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூடவே ஆர்.சி. புத்தகமும் போகிறது. அதில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, நிரந்தரமாகப் பயனற்றுப்போன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது. ஆனால் 'டோட்டல் லாஸ்' என்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு வார்த்தை; 'நிரந்தரமாகப் பயனற்றது' என்பது சட்டத்தின் வார்த்தை. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் வண்டி நழுவி ஓடுகிறது. வண்டி மட்டுமா? டோட்டல் லாஸ் வண்டியின் சேசிஸ் எண்ணைத் திருட்டு வண்டியில் பதித்து விற்ற கும்பலை 2020-இல் லக்னோ போலீசார் பிடித்தார்களே!

தண்ணீர் அன்றே கொல்லாது. ஒயரிங் இணைப்புகளுக்குள் புகுந்த சேறு மாதக்கணக்கில் அரிக்கும். கம்ப்யூட்டர் பெட்டி, பிரேக் சென்சார், ஏர்பேக் என்று ஒவ்வொன்றாக மக்கர் செய்யும். நம் பையன் ஒருவன் உம்மாவின் நகையை விற்று முன்பணம் கட்டி, ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்ற ஒரு கார் வாங்குகிறான் என்று வையுங்கள். ஆறாம் மாதம் வாலாஜாபாத் சாலையில் அது நடு இரவில் நின்றுபோகிறது. மெக்கானிக் டேஷ்போர்டைத் திறந்தால் உள்ளே காய்ந்த சேறு. விற்றவர் போனை எடுப்பதில்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது.

வியாபாரிகளே, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்ததை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மூழ்கிய வண்டியையும் விற்கலாம்: மூழ்கியது என்று சொல்லி, விலையைக் குறைத்து, ரசீதில் எழுதிக் கொடுத்து. "எல்லாரும்தான் செய்கிறார்கள்" என்ற பதிலை நாமும் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பதிலை அந்தப் பையனின் உம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

இளைஞர்களே, பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்சுருளில் சேற்றுக்கறை மறையாது. ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் பாருங்கள். சீட் தண்டவாளத்து ஸ்குரூக்களில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீராவி, மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம், இவையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. பைக் என்றால் என்ஜின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பழைய இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தை விற்பவரிடமே கேளுங்கள்.

இது தனி மனிதர் நேர்மையோடு முடிகிற விஷயமும் அல்ல. அமெரிக்காவில் 2005 கத்ரீனா, 2012 சாண்டி புயல்களில் லட்சக்கணக்கில் வண்டிகள் மூழ்கின. அங்கே வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'வெள்ளத்தில் சேதமானது' என்று முத்திரை குத்தும் வழக்கம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதால், வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்து அந்த முத்திரையையே கழுவிவிடும் எத்தர்களும் அங்கே உண்டு. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாடு முழுவதற்கும் 'வாஹன்' பதிவேடு இருக்கிறது. டோட்டல் லாஸ் என்று பணம் கொடுத்த அன்றே இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாஹனில் ஏற்ற வேண்டும், வாங்குபவர் எவரும் அதைப் பார்க்க வழி வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிடட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைக் கேட்டு நம் பகுதி எம்.பி., எம்.எல்.ஏ.க்களிடம் மனுக் கொடுங்கள். மனுவில் பழைய வண்டி வியாபாரிகளின் கையெழுத்தும் இருக்கட்டும்.