ஏற்றி வைத்தால் மட்டும் படம் பிழைக்காது

"போன்ல இடமில்ல, போட்டோ எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இனி கவலையில்ல." ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஏற்றிய கையோடு போனில் இருந்ததை அழித்தும் விடுகிறார்கள். படத்துக்கு இரண்டு பிரதி இருந்த சில நிமிடங்களும் அதோடு முடிந்துபோகின்றன.

தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களில் இந்த நம்பிக்கை வேரூன்றியிருப்பதுதான் வருத்தம். பச்சைத்தோல் குடோனுக்கு வந்துவிட்டது என்பதற்காக இங்கே யாரும் நிம்மதியாக இருப்பதில்லை. உரித்த சில மணி நேரத்துக்குள் உப்பு போடாவிட்டால் அது அழுகத் தொடங்கும். காப்பது என்பது கைவேலை என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள், ஹார்ட் டிஸ்க் மட்டும் தானாகவே காத்துக்கொடுக்கும் என்று நம்புகிறார்கள்.

காத்துக்கொடுக்காது. சுழலும் தட்டுக்கு மேல், தலைமுடியின் கனத்தைவிடக் குறைந்த இடைவெளியில் ஒரு முனை நகர்ந்து படிக்கும் கருவி அது. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிடும் கணக்குப்படி, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு செத்துப்போகின்றன. அவை குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில் ஓடுபவை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டு அறைக்கு அந்த வசதி ஏது? எஸ்எஸ்டி என்ற வகை டிஸ்க்கில் சுழலும் பாகம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது போகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் போகும், மீட்பதும் கடினம்.

டிஸ்க் கெடாவிட்டாலும் ஆறு இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது கரையோரத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த மழையில் பேரணாம்பட்டில் நவம்பர் 19 அன்று வீடு இடிந்து 9 பேர் உயிரிழந்தனர். ஆண்டில் பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறுதானே என்று சொல்பவர்கள் வாணியம்பாடியின் நினைவுத் தூணைப் பார்க்கட்டும்: 1903 நவம்பர் 12 வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிபியு பெட்டியைப் பெரும்பாலும் மேசைக்கடியில் தரையில்தான் வைக்கிறோம். அதற்கு முழங்கால் தண்ணீர் போதும்.

"எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் போட்டிருக்கிறோம்" என்பவர்கள் ஒரு படி மேல். ஆனால் அந்த டிஸ்க் அதே அறையின் பீரோவில் இருந்தால் வெள்ளமும் திருடனும் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போவார்கள். எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே கிடந்தால் இன்னும் மோசம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி சுமார் 150 நாடுகளைத் தாக்கிய வன்னாகிரை போன்ற வைரஸ்கள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. இணைத்திருக்கும் டிஸ்க்கையும் அவை விடுவதில்லை.

கூகுள் போட்டோஸ் இருக்கிறதே என்பதுதான் கடைசி வாதம். நல்ல சேவைதான், ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆப்பில் தவறுதலாக அழித்தால் போனிலும் இணையத்திலும் சேர்ந்தே போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள்தான் அவகாசம். எல்லையற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நின்று, 15 ஜிபி ஆகச் சுருங்கியது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கை அழிக்கும் விதியும் வந்துவிட்டது. இறந்துபோன தகப்பனாரின் கணக்கு எத்தனை குடும்பங்களில் அப்படியே கிடக்கிறது! இந்தியாவில் ஒரு தலைமுறையே படம் ஏற்றிய ஆர்குட் சமூக வலைத்தளத்தை அதே கூகுள் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. இறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை நேரமும் கொடுத்தது. செய்தி தெரியாதவர்களின் படங்கள் போயின.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சொன்ன கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டுக்கு வெளியே எங்கே என்று இந்த ஊர்க்காரர்கள் தேட வேண்டியதே இல்லை. தோல் வியாபாரத்தில் சென்னை பெரியமேட்டிலோ, வேலைக்காக வளைகுடாவிலோ, கட்டிக்கொடுத்த வகையில் குடியாத்தத்திலோ சொந்தம் இருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதிக்கு இரண்டு டிஸ்க் வாங்கலாம். ரம்ஜானுக்கோ பொங்கலுக்கோ போய்வரும்போது புதியதைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை வாங்கி வரவேண்டும். வந்ததும் அதில் பத்துப் படமாவது திறந்து பார்க்க வேண்டும். திறக்கிறது என்று தெரிந்த பிறகே அந்த ஆண்டின் படங்களை அதில் ஏற்ற வேண்டும்.