பாதி வீடு இருட்டு!

கூடத்தில் விளக்கு எரிகிறது. அடுக்களையில் மட்டும் கும்மிருட்டு. பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் கம்பி முழுசாக இருக்கிறது! 'இதென்ன மாயம்?' என்கிறீர்களா, சகோதரி?

மாயமல்ல, உப்பு செய்கிற வேலை. மரக்காணம் உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பம் போன்ற கடலோர ஊர்களில், உப்பு கலந்த ஈரக் காற்று சுவிட்சுக்குள்ளும் புகுந்து, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். பழைய வீடென்றால் கேட்கவே வேண்டாம். இணைப்பு தளர்ந்து, சூடேறிக் கருகி, ஒரு நாள் விட்டுப்போகும்.

உடனே உங்கள் வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறுவார். தடுத்துவிடுங்கள்! விட்டுப்போனது நியூட்ரல் கம்பியானால் விளக்கு எரியாது. ஆனால் மற்றக் கம்பியில் 230 வோல்ட் மின்சாரம் ஓசைப்படாமல் காத்திருக்கும். விளக்கு அணைந்ததால் மின்சாரமும் போய்விட்டது என்று நம்பிக் கை வைப்பவர்தான் அகப்பட்டுக்கொள்கிறார்.

முதலில் மெயினை அணையுங்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து, கருகிய முனையை வெட்டிவிட்டு இணைப்பைப் புதிதாக முடுக்கச் சொல்லுங்கள். பியூஸில் மட்டும் தடித்த கம்பி போட விடாதீர்கள். தான் உருகி வீட்டைக் காப்பதுதான் அதன் தர்மம்!

விளக்கு எரியாவிட்டால் ஒரு வேளைச் சமையல் தாமதமாகும், அவ்வளவுதானே? அதற்காக அவசரப்படலாமா?