பட்டாளத்திலும் காண்டிராக்ட் கூலியா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் ரோட்டில் விடியற்காலையில் இரண்டு வகைக் கூட்டத்தைப் பார்க்கலாம். மலையைச் சுற்ற வந்த பக்தர்கள் ஒரு பக்கம். பட்டாளத்தில் சேர ஓடிப் பழகும் வாலிபர்கள் மறுபக்கம். 1,600 மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓடினால்தான் ஆளெடுப்பில் அடுத்த படி. ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களின் விவசாயக் கூலிகள் வீட்டுப் பிள்ளைகள்.

ஏன் ஓடுகிறார்கள்? தேசத்தின் மீது பற்று இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் வயிறும் இருக்கிறது. ஆசிரமத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாயின, மனைகள் விடுதிகளாயின. நாற்று நட்ட கைகளுக்கு அங்கே அறை பெருக்கும் வேலைதான் மிச்சம். பழைய வட ஆற்காடு ஜில்லாவில் ஏழை வீட்டுப் பையனுக்கு நிரந்தர உத்தியோகம் என்றால் பட்டாளம் அல்லது போலீஸ். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் சேவை செய்தால் ஆயுள் முழுவதும் பென்ஷன். அந்தப் பணத்தில் கூரை வீடு ஓட்டு வீடாயிற்று, தங்கை கல்யாணம் நடந்தது, தம்பி படித்தான்.

அந்த நிரந்தரத்தில்தான் 2022 ஜூன் 14ந் தேதி மத்திய சர்க்கார் கை வைத்தது. திட்டத்தின் பெயர் 'அக்னிபத்'. இனி சிப்பாயாகச் சேருகிறவனுக்கு நாலே வருஷம். முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். நாலாம் வருஷம் 40,000. இதில் நூற்றுக்கு முப்பது பிடித்தம். முதல் வருஷம் கைக்கு வருவது 21,000. முடிவில் 'சேவா நிதி' என்று சுமார் 11.71 லட்சம் கொடுத்து அனுப்புவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 5.02 லட்சம் அவன் சம்பளத்தில் பிடித்த அவன் பணம். அதே அளவு சர்க்கார் போடுகிறது, மீதி வட்டி. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நூறு பேரில் அதிகபட்சம் 25 பேருக்குத்தான் நிரந்தரம். மற்ற 75 பேர் வீட்டுக்கு! முதல் அணி சேர்ந்தது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். நாலு வருஷம் கூட்டினால் 2026 கடைசி, 2027 தொடக்கம்.

மில் தொழிலாளர்களே, இது உங்களுக்குப் புதிதா? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததே! கிராமத்துப் பெண்களை மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் கல்யாணத்துக்கு 30,000, 50,000 என்று மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். வருஷம் முடியுமுன் வெளியேறிய பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அங்கே பெண்ணுக்குக் கல்யாணப் பணம். இங்கே பையனுக்கு சேவா நிதி. வாலிபத்தின் உழைப்பை எடுத்துக்கொண்டு, பிற்கால வாழ்வுக்குப் பொறுப்பேற்காமல் கை கழுவுகிற ஏற்பாடுதான் இரண்டும்.

குறித்த கால வேலை என்ற முறையை 2016ல் ஆயத்த ஆடைத் தொழிலுக்குக் கொண்டுவந்தார்கள். 2018ல் எல்லாத் தொழிலுக்கும் விரித்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அதைக் கெட்டியாக்கினார்கள். அதே நாளில் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறித்த காலத் தொழிலாளிக்காவது ஒரு வருஷத்தில் கிராஜுவிட்டி உண்டு என்கிறது. எல்லையில் துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு அதுவும் கிடையாது! சர்க்காரே இப்படி ஆள் வைத்தால், மில் முதலாளி வேறு எப்படி வைப்பான்?

சிப்பாய் கதை இது. படித்துவிட்டு அதிகாரியாகப் போகிறவன் கதை வேறா? அதையும் பார்ப்போம்.

1962 எல்லைப் போருக்குப் பிறகு பட்டாளத்தை அவசரமாகப் பெருக்கினார்கள். சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி 1963ல் பிறந்தது அப்போதுதான். காலேஜ் வாலிபர்களுக்கு 'அவசரக் கமிஷன்' கொடுத்தார்கள். 1965 யுத்தத்தில் அவர்களும் போரிட்டார்கள். தேவை தீர்ந்ததும், 1960களின் பிற்பகுதியில், அவர்களில் பெரும் பகுதியை அணி அணியாக விடுவித்தார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் கொஞ்சம் இடம் ஒதுக்கி விதி செய்தார்கள். மற்றவர்கள் முப்பது வயசை ஒட்டி மறுபடி வேலை தேடினார்கள்.

இன்றைக்கு அதே பரங்கிமலையில் பயிற்சி முடிக்கிற கேடட்டுக்குக் கிடைப்பது 'குறுகிய காலக் கமிஷன்'. பத்து வருஷம், நீட்டித்தால் பதினாலு. தேர்ந்தெடுத்த சிலருக்கே நிரந்தரம். அதிகாரிக்குப் பென்ஷன் வேண்டுமானால் இருபது வருஷம் சேவை வேண்டும்! 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும், 480 ஆகுமுன் ஆளை நிறுத்தப் பழகினார்களே முதலாளிகள், அந்தத் தந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பயிற்சியில் ஊனமாகி வெளியேறிய கேடட்டுகளின் கதி இன்னும் மோசம். அவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தே தரவில்லை. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே வலிய இந்த விஷயத்தை விசாரணைக்கு எடுத்தது.

சர்க்கார் சொல்லும் காரணம் என்ன? படை இளமையாக இருக்க வேண்டுமாம். சராசரி வயசு 32 ஆக இருக்கிறதாம். நல்லது. வயசானவனைப் போலீசுக்கோ ரயில்வேக்கோ சேவைக் கணக்கோடு மாற்றினால் படையும் இளமையாகும், குடும்பமும் பிழைக்கும். அதைச் செய்யாமல் 'இட ஒதுக்கீடு' அறிவிக்கிறார்கள். ஒதுக்கீடு என்பது பரீட்சை எழுதும் வரிசையில் ஓர் இடம், வேலை அல்ல. முன்னாள் ராணுவத்தினருக்கு மத்திய சர்க்காரில் ஒதுக்கிய இடங்களே பெரும்பாலும் நிரம்புவதில்லை.

"கம்யூனிஸ்டுகள் சமாதானம் கேட்கிறவர்கள்தானே? படையைக் குறைத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆம், ஆயுதக் குறைப்பு வேண்டும். பீரங்கிக்குப் போகும் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஆனால் இங்கே குறைந்தது எது? 2022-23ல் ராணுவ பட்ஜெட் 5.25 லட்சம் கோடி, 2025-26ல் 6.81 லட்சம் கோடி. 2023ல் பார்லிமெண்டில் சர்க்கார் கொடுத்த கணக்குப்படி, தரைப்படையில் 8,000க்கு மேற்பட்ட அதிகாரி இடங்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய் இடங்களும் காலி. செலவு ஏறுகிறது, ஆளின் நிரந்தரம் இறங்குகிறது. இதற்கு ஆயுதக் குறைப்பு என்று பெயரில்லை.

1960 ஜனவரியில் சோவியத் யூனியன் 12 லட்சம் பேரைப் படையிலிருந்து குறைக்கச் சட்டம் செய்தது. அதில் அதிகாரிகள் மட்டும் சுமார் இரண்டரை லட்சம். அங்கேகூட வீடும் தகுந்த வேலையும் கிடைக்காமல் பல அதிகாரிகள் சிரமப்பட்டார்கள், அதிருப்தி எழுந்தது. 1961ல் பெர்லின் நெருக்கடி வந்ததும் குறைப்பு நின்றது. ஆளை வெளியே அனுப்புமுன் அவனுக்கு வாழ்வு தயாராக இருக்க வேண்டும் என்பதே அதன் பாடம். அமெரிக்காவிலோ 2014ல் சுமார் 1,100 காப்டன்களுக்கு வேலை நீக்க ஓலை போயிற்று. ஆப்கானிஸ்தான் போர்முனையில் நின்றவர்களும் அதில் உண்டு. லாபத்துக்காக யுத்தம் நடத்தும் நாட்டில் சிப்பாய்க்குக் கிடைக்கும் நன்றி இவ்வளவுதான்.

நம் நாட்டின் பாடமும் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளையன் இந்தியப் படையை 25 லட்சமாகப் பெருக்கினான். யுத்தம் முடிந்ததும் கலைத்தான். 1946 பிப்ரவரி 18ந் தேதி பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். நல்ல சோறு, சம்பளம், அரசியல் கைதிகள் விடுதலை ஆகியவற்றோடு, படையை விட்டுப் போகிறவனுக்கு வாழ வழி என்பதும் அவர்கள் கோரிக்கை. பெரிய தலைவர்கள் சரணடையச் சொன்னார்கள். கம்யூனிஸ்டுக் கட்சி அறைகூவல் விடுத்தது. 22ந் தேதி பம்பாய் மில் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சீருடைக்காரனும் மில்காரனும் ஒரே வர்க்கத்தின் பிள்ளைகள் என்று ரத்தத்தில் எழுதிய நாள் அது.

போராடினால் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். 1992லிருந்து பெண் அதிகாரிகளைக் குறுகிய காலத்துக்கு எடுத்தார்கள். அவர்கள் விடாமல் வழக்காடினார்கள். 2020 பிப்ரவரி 17ல் சுப்ரீம் கோர்ட் அவர்களுக்கும் நிரந்தரக் கமிஷன் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவு. நாலு வருஷ முறையை ரத்து செய். பழையபடி நிரந்தர ஆளெடுப்பு நடத்தி, காலி இடங்களை நிரப்பு. ஏற்கெனவே சேர்ந்தவர்களில் விரும்புகிற ஒவ்வொருவருக்கும் படையிலோ வேறு சர்க்கார் உத்தியோகத்திலோ, சேவைக் கணக்கோடு வேலை கொடு. பத்து வருஷம் முடித்த அதிகாரிக்கு விகிதப்படி பென்ஷன் கொடு. பயிற்சியில் ஊனமான கேடட்டுக்கு முழு ஊனப் பென்ஷன் கொடு.

இவற்றைப் பட்டாளத்துக்குள் இருக்கிறவன் கேட்க முடியாது. அவனுக்குச் சங்கம் வைக்கும் உரிமை இல்லை. நாம்தான் கேட்க வேண்டும். மில் வாசல் கூட்டத்தில் நிரந்தரம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். விவசாயத் தொழிலாளர் மாநாடுகளில் இதற்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். அங்கே காண்டிராக்ட் முறை வேரூன்றிவிட்டால், இங்கே அதைப் பிடுங்குவது இரட்டிப்புக் கஷ்டம்.