பத்திரத்தை அடகு வைக்குமுன்



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான வாரம். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் தந்தை ஒருவர் தம் மகனுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு பொறியியல் கல்லூரியின் வண்ண விளம்பரத் தாள்.

"சாமி, இந்தக் கல்லூரி கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படித்து முடித்தால் வேலை நிச்சயம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாமென்று இருக்கிறேன்" என்றார்.

தொழிற்சாலைக்கு அருகில் இருப்பதால் மட்டும் ஒரு கல்லூரி சிறந்ததாகிவிடுமா? நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை தொடங்கிற்று. ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள், அங்கே வேலை பெற்றனர். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. இன்று நம் கண்முன் நிமிர்ந்து நிற்கும் ஆலைகள் என்றும் நிற்குமென்பதற்கு உறுதியில்லை. ஆகவே, ஒரு வேலைக்கு மட்டும் பழக்கும் படிப்புப் போதாது. வேலை மாறினும் புதிதாய்க் கற்கும் ஆற்றலைத் தரும் படிப்பே வேண்டும்.

அதை அறிவது எவ்வாறு? வகுப்பு நடைபெறும் நாளில் நேரில் செல்லுங்கள். ஆய்வுக்கூட இயந்திரங்களை மாணவர் இயக்கிப் பழகுகின்றனரா, அவை தூசி படிந்து கிடக்கின்றனவா எனப் பாருங்கள். ஆசிரியர்கள் நிலைத்திருக்கின்றனரா என மூன்றாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள். 'நாக்' தரச்சான்று கல்லூரி முழுமைக்குமானது, என்.பி.ஏ. அங்கீகாரமோ பாடப்பிரிவுதோறும் தனித்தனியே வழங்கப்படுவது. உங்கள் பிள்ளை சேரவிருக்கும் பிரிவுக்கு அது உண்டா என வினவுங்கள். வேலை பெற்றோரின் படங்களைக் காட்டினால், எத்தனை பேரில் எத்தனை பேர், என்ன ஊதியம் என்றும் கேளுங்கள்.

கோபுரம் கட்டப் புகுந்தவனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நினைவுகூருங்கள். விடுதி, பேருந்து, நூல்கள் உட்பட நான்கு ஆண்டுச் செலவையும் முதலிலேயே கணக்கிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்குப் பொறியியல் கலந்தாய்வில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்வழியில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அம்மகன் அரசுப் பள்ளி மாணவனே. தந்தையோ இதை அறிந்திருக்கவில்லை!

இறுதியில் மகனிடம், "தம்பி, உனக்கு எதில் விருப்பம்?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தபடி, "மின்பொறியியல், சாமி" என்றான்.

தந்தை வியப்புடன் மகனை நோக்கினார். கையிலிருந்த தாளை விரித்துத் தேடினார். அக்கல்லூரியில் அப்பிரிவே இல்லை.

பெற்றோர்களே, பத்திரத்தை எடுக்குமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.