கடல் மீன் தொட்டியில் யாரோடு யார்?

பேராவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பட்டணத்தில் வேலை செய்யும் அவருடைய மகன் வீட்டில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம். பேத்திக்குக் கடல் மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம். ஒரே நாளில் ஐந்து மீன்கள் வாங்கிவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் நான்கு செத்துப் போய், ஒன்று மட்டும் கொழுத்துத் திரிகிறது. பிள்ளை அழுதபடி இருக்கிறது. மகனுக்கோ போன பணத்தை நினைத்து வருத்தம். "தண்ணீர் கெட்டதா, கண்பட்டதா?" என்று சகோதரி கேட்கிறார்.

கண்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்கிய மீன்களின் பெயர்களை அவரே எழுதியிருக்கிறார்: நீல டாம்செல் ஒன்று, நீமோ இரண்டு, டோரி ஒன்று, மண்டரின் ஒன்று. உயிரோடு இருப்பது எது என்று அவர் சொல்லவில்லை. டாம்செலாகத்தான் இருக்கும்.

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு வீட்டில் இரண்டு குடும்பங்களைக் குடிவைத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பவளப்பாறையில் வாழும் மீன்கள் பலவும் ஒரு பொந்தையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தையும் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். கடலில் தோற்ற மீன் ஓடிவிடலாம். இரண்டடித் தொட்டியில் எங்கே ஓடும்? மூலையில் ஒதுங்கும், தீனிக்கு வராது, செதில் கிழிந்து செத்துப்போகும். நீல டாம்செல் விரல் நீளம்தான் வளரும்; விலையும் குறைவு; எளிதில் சாகாது. அதனால்தான் கடைகளில் அதை முதலில் எடுத்துக் கொடுக்கிறார்கள். முதலில் குடிவந்தது தொட்டி முழுவதையும் தன் வீடாக்கிக்கொள்ளும்.

டோரியின் குற்றம் வேறு. கடையில் இரண்டு அங்குலம்தான் இருக்கும். முழுதாக வளர்ந்தால் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அடிக்கோல் நீளம் வரும். நாள் முழுதும் நீந்தித் திரியும் மீன் அது. இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. மண்டரின் பரம சாது, யாரையும் கடிக்காது. ஆனால் பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சிகளைத்தான் தின்னும். சிறிய தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிடும். கடைத் தீனியை அது பெரும்பாலும் தொடாது. வயிறு ஒட்டிச் சாகும். அத்தனை வண்ணமும் பட்டினிக்குப் போகிறது.

ஆகவே கடைக்காரரிடம் விலை கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வளர்ந்தால் எவ்வளவு நீளம்? என்ன தின்னும்? தன் இடத்துக்கு வேறு மீனை விடுமா? பிறகு, "கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது. சிங்க மீனைக் கண்டால் ஆசை வரும். அதன் வாய்க்குள் அடங்கும் மீனெல்லாம் அதற்கு இரை. முள்ளில் விஷமும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

அப்படியானால் எதைத்தான் வைப்பது? இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பாறையும் மணலும் போட்டால் இன்னும் குறையும். அதற்கு மூன்று மீன்களே போதும்: கோமாளி மீன் இரண்டு, கோபி ஒன்று. பிள்ளைகள் நீமோ என்று சொல்வது இந்தக் கோமாளி மீனைத்தான். இதற்குக் கடற்சாமந்தி தேவையில்லை. தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சுகள் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள். இரண்டையும் சிறியதாக, ஒன்று சற்றுப் பெரியதாக, ஒரே நாளில் வாங்க வேண்டும். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறி அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்தது ஆணாக அடங்கி நடக்கும். வளர்ந்த பெண் மீன்கள் இரண்டைச் சேர்த்துவிட்டால் ஒன்று சாகும்வரை சண்டைதான். 2003-இல் வந்த அந்தக் கேலிச்சித்திரப் படத்தில் தாய் இறந்த பிறகு தகப்பன் தகப்பனாகவே இருக்கிறான். உண்மையில் அவன் தாயாகியிருப்பான்! பேத்தியிடம் சொல்லிப் பாருங்கள்.

கோபி அடி மணலில் இருக்கும்; கோமாளியின் வழிக்குப் போகாது. கோபி இனங்களில் சில, பார்வை மங்கிய ஒருவகை இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறால் மண் தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் தன் மீசையை மீன்மேல் வைத்தபடியே வெளியே வரும். ஆபத்தென்றால் மீன் வாலை அசைக்க, இரண்டும் உள்ளே ஓடிவிடும். இதைப் பார்க்க ஒரு மணி நேரம் உட்காரலாம். கோபி துள்ளி வெளியே விழும், தொட்டிக்கு வலை மூடி போடுங்கள்.

இனித் தண்ணீர். புதுத் தொட்டியில் கழிவிலிருந்து அமோனியா சேரும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் வடிகட்டியிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் விட்டால் பல மீன்கள் தாங்காது. சகோதரியின் வீட்டில் இதுவும் நடந்திருக்கும். சமையல் உப்பு உதவாது. தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பையே கரையுங்கள். நம் தகரக் கூரையின்கீழ் மதியத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 25 முதல் 27 டிகிரி நல்லது. நீரின்மேல் சிறிய விசிறி வைத்தால் சூடு தணியும். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு வற்றுவதில்லை.

விடுமுறைக்குத் தீவுக்குப் போகிறவர்கள் வாளியில் மீன் பிடித்து வர நினைக்க வேண்டாம். பாயார், ரெடாங், தியோமான் தீவுகளைச் சுற்றிய கடற்பூங்காக்களில் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம்.

சகோதரி அவர்களே, அந்த டாம்செலைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டால் அதைத் தனியாகவே வளர்க்கலாம், அழகான மீன்தான். அதோடு வேறு மீன் வேண்டும் என்று பேத்தி கேட்டால், தொட்டியில் உள்ள பாறைகளையெல்லாம் எடுத்து இடம் மாற்றி அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்து, அதன் பிறகு புதிய மீன்களை விடச் சொல்லுங்கள். பழைய வீடு கலைந்துபோனதால் டாம்செலும் அன்றிரவு புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். மறுநாளும் துரத்தினால் அதைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.