இருபத்துநாலு அசைவும் ஒரு ஈரமான டைல்ஸும்

முதலில் பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கூத்து அங்கேதான் தொடங்குகிறது. "தாய் சி"யில் வரும் "சி"க்கும், உயிர்சக்தி என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற "ச்சி"க்கும் சம்பந்தமே கிடையாது. சீனத்தில் இரண்டும் வேறு எழுத்து, வேறு உச்சரிப்பு. முதலாவது "ஜி", எல்லை அல்லது உச்சி என்று பொருள். பழைய ஆங்கில எழுத்துமுறையில் இரண்டும் ஒன்றுபோல ஆகிப்போனதில் பாதி உலகம் குழம்பிக் கிடக்கிறது. முழுப்பெயர் தாய்ஜிசுவான். கடைசியில் வரும் "சுவான்" என்றால் முஷ்டி. சண்டைக்கலை சாமி, சண்டைக்கலை!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே புனேயில் எங்கள் சொசைட்டி க்ளப் ஹவுஸில் நடக்கும் வகுப்பில் முதல் அரைமணி நேரம் "சக்தியை உள்ளங்கையில் உணருங்கள்" என்று போகிறது. மீதி அரைமணியில் ஆளுக்கு இரண்டு புது அசைவு. பன்னிரண்டு வகுப்பில் இருபத்துநாலும் முடிந்துவிடும், சான்றிதழும் உண்டு. கட்டணம் ஒன்பதாயிரம். சேர்ந்தவர்களில் பாதிப்பேர் நம் ஊர் அம்மாக்கள், அப்பாக்கள். பிள்ளைகள் இருவரும் ஆபீஸ் போனபின் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் பாஷை தெரியாமல் அடைந்து கிடப்பவர்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி, வயது 67.

ஐந்தாவது வகுப்பில் அம்மாவுக்கு முட்டி வலி. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார் ஆசிரியர். ஆகாது சார். முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், திருகுவதற்கு அதிக இடம் கிடையாது. எடை முழுக்க ஒரு காலில் இருக்கும்போது உடம்பைத் திருப்பினால், அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு திறக்கவில்லை என்றால் திருகல் நேராக முட்டியில் போய் உட்காரும். "முட்டி எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கட்டும்" என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. ஐந்து வகுப்பில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்கிறாள் அம்மா.

அந்த இருபத்துநாலு அசைவு வரிசை மேல் எனக்குக் கோபம் இல்லை. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் பாணியின் நீண்ட வரிசையைச் சுருக்கிப் பொதுமக்களுக்காகச் செய்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். நல்ல காரியம்தான். ஆனால் அதை மனப்பாடம் செய்வதே தாய் சி என்பது, ஸரளி வரிசை தெரியாதவனுக்கு நேரே ஆலாபனை சொல்லிக்கொடுப்பது மாதிரி.

அஸ்திவாரம் என்றால் என்ன? பார்க்கப் பரம போர். சும்மா நிற்பது. கால்கள் தோள் அகலத்தில், முட்டி லேசாகத் தளர்ந்து, வால் எலும்பு கீழே தொங்கி, உச்சந்தலையை யாரோ நூல்கட்டி மேலே பிடித்திருப்பதுபோல. தோளை இறக்கு, முழங்கையை இறக்கு. இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். நாள் முழுக்க லேப்டாப் முன் காதுவரை தூக்கி வைத்திருந்த தோள் அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும். எடை குதிகாலில் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா, வலதா, இடதா? நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. (எனக்கு இடது. பையை மாட்டும் தோள் அது.)

அடுத்தது நடை. யாங் செங்ஃபூ (1883-1936) விட்டுப்போன பத்துக் குறிப்புகளில் நான்காவது, நிறைவையும் வெறுமையையும் பிரித்தறிவது. தத்துவம் போலத் தெரியும், ஆனால் சுத்தமான இயந்திரவியல். எந்தக் கால் எடையைச் சுமக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் தெரிந்திருக்க வேண்டும். காலியான காலை முன்னே வைக்கிறீர்கள், எடை இல்லாமல். தரை சரியில்லை என்றால் அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சரியென்றால் மட்டும் எடையை மெல்ல ஊற்ற வேண்டும்.

இப்போது பாத்ரூம் வாசலில் ஈரமான டைல்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் நடக்கும்போது கால் தரையைத் தொடுமுன்பே எடையை எறிந்துவிடுகிறோம். அதனால் வழுக்கினால் திரும்ப எடுக்கக் கால் கிடைப்பதில்லை. 67 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் அம்மாவை வகுப்பில் சேர்த்தது இந்த ஒரு காலடிக்காக, சான்றிதழை ஃப்ரேம் போட அல்ல.

மெதுவாகச் செய்வதும் இதற்காகத்தான். வேகமாகச் செய்தால் உந்துவிசை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், ஓட்டை எங்கே என்று தெரியாது. மெதுவாக நகர்ந்தால் ஏமாற்ற முடியாது, தடுமாறும் இடம் பளிச்சென்று தெரியும். அமைதிக்காக மெதுவாகச் செய்கிறோம் என்று பின்னணியில் புல்லாங்குழல் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"தினம் வாக்கிங் போறாங்களே, போதாதா அண்ணே?" என்று பக்கத்து ப்ளாக் மதுரைத் தம்பி கேட்டான். வாக்கிங் இதயத்துக்கு நல்லது, போகட்டும். ஆனால் முதியோர் விழுவதைப் பற்றி 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நடைப்பயிற்சியால் பலன் உண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. சமநிலைப் பயிற்சிகள் விழும் வீதத்தைச் சுமார் 24 சதவீதம் குறைக்கின்றன, தாய் சி சுமார் 19 சதவீதம் குறைக்கக்கூடும் என்றது. "குறைக்கக்கூடும்" தான், மந்திரம் இல்லை. அந்த ஆய்வுகளும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்தவர்களைப் பற்றியவை. வாரக்கடைசிப் பட்டறையில் யாருக்கும் சமநிலை வந்துவிடாது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "இதெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்தது" என்று ஃபார்வர்டு அனுப்பும் கோஷ்டி. 2011-இல் ஏழாம் அறிவு வந்ததிலிருந்து ஓயவில்லை. ஐயா, சீனக் கட்டுக்கதைகூடத் தாய் சியைப் போதிதர்மருக்குத் தரவில்லை, ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவிக்குத்தான் தருகிறது. வரலாறு நம்மைக் கூட்டிப்போகும் இடம் ஹெனான் மாநிலத்துச் சென் கிராமம், 17-ஆம் நூற்றாண்டு. நமக்குச் சிலம்பம் இருக்கிறது, அதில் காலடி வரிசை இருக்கிறது, அதையாவது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்களேன். அடுத்தவன் வீட்டுப் பாத்திரத்தில் நம் பெயரை வெட்டுவானேன்?

ஆக, பெற்றோரைச் சேர்க்குமுன் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் ஒரு மாதம் என்ன சொல்லித்தருவீர்கள்? "நிற்பதும் அடி எடுத்து வைப்பதும்" என்றால் பணத்தைக் கட்டுங்கள். "எட்டு அசைவு முடிச்சிடலாம்" என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். முட்டி வலிக்கிறது என்றால் என்ன செய்வார் என்றும் கேட்டுவைப்பது நல்லது.

அம்மா வகுப்பை நிறுத்திவிட்டாள். இப்போது காலையில் ஹாலில், சோபாவின் முதுகை ஒரு கையால் பிடித்தபடி, ஆறு அடி முன்னே, ஆறு அடி பின்னே. சாப்பாட்டு மேஜை வரைக்கும்தான் இடம் இருக்கிறது.